கோலம் வாசலோடு நின்றால் போதுமா?

"ஏனுங்கக்கா, நாளைக்குக் கிராம சபைங்களாம். ஆட்டோவுல மைக் வச்சுச் சொல்லிட்டுப் போறாங்க. வர்றீங்களா?"

பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கேட்டபோது நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

"அங்கே நமக்கென்ன வேலை? ஆம்பளைங்க போய் உட்கார்ந்து சத்தம் போட்டுட்டு வருவாங்க. எனக்கு மாவு அரைக்கணும், தாயி!"

அது 2022 ஆகஸ்ட் 14. அடுத்த மாதமே, நான்கு வயதான என் சின்னவள் டெங்கு காய்ச்சலோடு ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கண் திறக்கவே தெம்பில்லாமல் கிடந்த குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான், நமக்கும் அங்கே வேலை இருந்தது என்று எனக்கு உறைத்தது.

எங்கள் வீட்டில் கொசுவா?

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே இருக்கிறது எங்கள் ஊர். ஒரு பக்கம் விசைத்தறிச் சத்தம். மறு பக்கம் மரவள்ளிக் காடு. எங்கள் வீட்டு வாசலைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. விடிவதற்குள் பெருக்கி, சாணம் தெளித்து, கோலம் போட்டாகிவிடும். தொட்டியை வாராவாரம் கழுவிக் கவிழ்ப்பேன். அதனால், "வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்குகிறதா?" என்று டாக்டர் கேட்டபோது எனக்குக் கோபம்கூட வந்தது.

"எங்கள் வீட்டில் சொட்டுத் தண்ணீர் தேங்காது, டாக்டர்!"

"சரியம்மா. பகலில் குழந்தை எங்கே இருக்கிறாள்?"

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பகலில் அவள் இருப்பது பால்வாடியில். பால்வாடிச் சுவரை ஒட்டி ஒரு காலி மனை. அதில் ஆள் உயரத்துக்குப் பழைய லாரி டயர்கள்!

நம் பக்கத்தில் டயருக்கா பஞ்சம்? நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டுகிறார்கள். சங்ககிரியில் வீட்டுக்கு வீடு லாரிக்காரர்கள். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள் நாடெங்கும் போகின்றன. இத்தனை சக்கரங்கள் ஓடித் தேய்ந்த டயர்கள் எங்கேயாவது வந்து விழத்தானே வேண்டும்? எங்கள் ஊரில் அவை பால்வாடிக்குப் பக்கத்தில் வந்து விழுந்திருந்தன.

டெங்கைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போகாது. தேங்கி நிற்கும் தெளிந்த நீரைத்தான் தேடும். கடிப்பதும் பெரும்பாலும் பகல் நேரத்தில்தான். பிறந்த இடத்தைச் சுற்றிச் சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றிவரும். டயருக்குள் மழைநீர் விழுந்தால் எப்படிப் புரட்டினாலும் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். நிழல் வேறு! முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். அதைவிட மோசமான சங்கதி ஒன்று உண்டு. தண்ணீரைக் கொட்டிவிட்டாலும், உட்புறத்தில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலேயே பல மாதம் உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். தொட்டியைக் கவிழ்ப்பதோடு நிறுத்தாமல் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவச் சொல்வது இதனால்தான்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. 1985இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், ஏடிஸ் இனத்திலேயே இன்னொரு வகையான ஆசியப் புலிக்கொசு குடியேறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த பழைய டயர்களுக்குள் அது பயணம் செய்திருக்க வேண்டும் என்று ஆராய்ந்து சொன்னார்கள். கடல் தாண்டும் கொசுவுக்குப் பால்வாடிச் சுவர் எம்மாத்திரம்?

முதல் தடவை தோற்றோம்

அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி. பள்ளிக்கூட மரத்தடியில் கிராம சபை. நாங்கள் பெண்கள் இருபது பேர் போனோம்.

போய் என்ன செய்தோம்? ஒருத்தி டயரைப் பற்றிச் சொல்ல, இன்னொருத்தி குடிநீர்க் குழாயைப் பற்றிச் சொல்ல, மூன்றாமவள் எரியாத தெருவிளக்கை இழுக்க, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். மேடையிலிருந்தவர்கள், "சரிங்கம்மா, பார்க்கலாங்கம்மா" என்றார்கள். நாங்களும் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். நான்கு நாள் கழித்து ஊராட்சி அலுவலகத்தில் விசாரித்தால், தீர்மானப் புத்தகத்தில் டயர் என்ற சொல்லே இல்லை!

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கள் சுய உதவிக் குழுத் தலைவி அக்காதான் தெளிவாகச் சொன்னார்: "கண்ணு, குழுவுல நாம கடன் கொடுக்கறப்போ வாய்ப்பேச்சை நம்பறோமா? நோட்டுல எழுதிக் கையெழுத்து வாங்கறோம் இல்ல? அங்கேயும் அப்படித்தான். எழுதாதது நடக்காது."

அடுத்த கூட்டத்துக்கு அதிக நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. முன்பு நம் மாநிலத்தில் வருஷத்துக்கு நான்கு கிராம சபைகள்தான். 2022இல் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தையும், நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்தையும் சேர்த்து ஆறாக்கினார்கள். அந்த நவம்பர் 1 எங்களுக்காகவே வந்தது போலிருந்தது.

வீட்டுக்குள்ளேயே ஒரு சபை!

மனு எழுத உட்கார்ந்தபோதுதான் உண்மையான சங்கடம் தலைகாட்டியது. டயர் கிடந்த மனை என் வீட்டுக்காரருக்குப் பங்காளி முறையானவருடையது. "சொந்தக்காரன் மேலயே பிராது கொடுத்தா, நாளைக்கு நல்லது கெட்டதுக்கு எந்த முகத்தோட போவேன்?" என்றார் இவர். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கிராமத்தில் பகையோடு காலம் தள்ளுவது சுலபமா?

எங்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்த மாமியார், மறு நாள் காலை சொல்லாமல் கொள்ளாமல் அந்த வீட்டுக்கே போய்விட்டார். "பிராது இல்ல சாமி, எம்பேத்தி பொழைச்சு வந்திருக்கா. உம்பேரனும் அந்தப் பால்வாடிக்குத்தானே போறான்?" என்று கேட்டிருக்கிறார்.

அவர் தரப்பிலும் ஒரு கதை இருந்தது. நஷ்டத்தில் லாரியை விற்றவர் அவர். டயர்களுக்கு என்றாவது நாலு காசு கிடைக்கும் என்று போட்டு வைத்திருந்தார். "எடுக்கறேன் பெரியம்மா, கொஞ்சம் டைம் கொடுங்க" என்றாராம். "டைம் தர்றோம். ஆனா சபையில எழுதிட்டுத்தான் தருவோம்" என்று சொல்லிவிட்டு வந்தார் என் மாமியார்! எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்காதவர் அவர்.

நவம்பர் 1 அன்று அறுபத்து மூன்று பெண்கள் கையெழுத்துப் போட்ட ஒரே ஒரு மனுவோடு போனோம். அதில் ஒரே ஒரு விஷயம். குழாய், விளக்கு எல்லாவற்றையும் அடுத்த கூட்டத்துக்கு ஒத்தி வைத்தோம். சென்ற தடவை ஒன்றும் பேசாமலிருந்த கிராம சுகாதார நர்ஸ் இந்தத் தடவை எழுந்து, கொசு உற்பத்தியாகும் இடங்களை அப்புறப்படுத்துவது இடத்துக்காரர் பொறுப்பு என்று சட்டமே இருப்பதாகச் சொன்னார். 1939ஆம் வருஷத்துப் பொது சுகாதாரச் சட்டமாம் அது. சென்னை மாகாணத்தில் அன்றே கொண்டுவந்தது. என் மாமியாருக்கும் மூத்த சட்டம்!

செயலர் எழுதியதும், "ஒரு தடவை படித்துக் காட்டுங்க" என்று கேட்டோம். படித்தார். தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டோம். கைதட்டல் எதுவும் இல்லை. ஆனால் அன்று வீடு திரும்பும்போது என் நடையே மாறியிருந்தது.

போகியும் குடியரசு தினமும்

அதன் பிறகும் டயர் உடனே நகர்ந்துவிடவில்லை. இடத்துக்காரருக்கு நோட்டீஸ் போனது. வாங்குவதாகச் சொன்ன வியாபாரி வரவில்லை. மார்கழி முடியும் சமயம் பையன்கள் சிலர், "போகிக்குக் கொளுத்திட்டா ஒரே ராத்திரியில காலி" என்று கிளம்பினார்கள். நாங்கள் விடவில்லை. டயர் எரிந்து வரும் கரும்புகை நச்சு. கொசுவுக்குப் பயந்து குழந்தைகளின் மூச்சைக் கெடுப்பதா? அதுவரை மழைநீர் சேராமலிருக்கத் தார்ப்பாய் போட்டு மூடினோம். பால்வாடி ஜன்னல்களுக்கு வலை அடித்தோம்.

2023 ஜனவரி 26 கிராம சபையில் நாங்கள் கேட்டது ஒரே கேள்வி: "நவம்பர் தீர்மானம் என்ன ஆச்சுங்க?" ஊரே எங்கள் பங்காளியைத் திரும்பிப் பார்த்தது. பாவம், அவருக்கு முகம் சுண்டிவிட்டது. பிப்ரவரியில் இரண்டு லோடாக டயர்கள் ஏறிப் போயின. ஏற்றுக்கூலியில் ஒரு பங்கை எங்கள் குழு கொடுத்தது. அதற்கப்புறம்தான் அவர் வீட்டுக் காதுகுத்துக்கு நான் தலைநிமிர்ந்து போக முடிந்தது.

காலியான இடம் மறுபடி குப்பைமேடாகிவிடக் கூடாதே என்று அடுத்த கவலை. சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரியைப் போய்ப் பார்த்து வந்தோம். 2010இல் பொதுமக்கள் முன்னின்று தூர்வாரிய ஏரி அது. தோண்டிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து, மரம் நட்டு, பறவைகளுக்கு வீடாக்கியிருக்கிறார்கள். எங்கள் மனை ஏரியுமல்ல, எங்களுக்குச் சொந்தமுமல்ல. இடத்துக்காரரின் சம்மதத்தோடு பள்ளங்களை மண்ணடித்து மேடாக்கினோம். சுவரோரம் நான்கு முருங்கைக் கிளைகளை நட்டோம். இன்று பால்வாடிச் சாம்பாரில் விழும் கீரை அங்கே பறித்ததுதான்.

குழாயும் விளக்கும்? விளக்கு எரிகிறது. குழாய் மனு இன்னும் கையில் இருக்கிறது, எண்ணோடு!

நகரத்துச் சகோதரிகளுக்கு

"எங்கள் ஊர் ஊராட்சி இல்லையே" என்று சேலம், நாமக்கல் வாசகிகள் நினைக்க வேண்டாம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்கு வார்டு குழு, பகுதி சபை என்ற ஏற்பாட்டை 2022 விதிகள் கொண்டுவந்தன. அவ்வருஷம் நவம்பர் 1 அன்று முதன்முதலாகப் பகுதி சபைகள் கூடின. சேலம் மாநகராட்சியில் மட்டும் 60 வார்டுகள். நாமக்கல்லும் 2024இல் மாநகராட்சியாகிவிட்டது. அவ்வளவு பெரிய நகரத்தில் நம் தெருவின் பேச்சு எடுபட வேண்டுமானால், நம் தெருவுக்குப் பக்கத்தில் கூடும் சபைதான் வழி.

போவதற்கு முன் நினைவிருக்கட்டும்

* கிராம சபை நாட்கள் ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. காலண்டரில் இப்போதே வட்டம் போடுங்கள்.

* வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினரே. யாரும் அழைக்க வேண்டியதில்லை.

* ஒரு கூட்டத்துக்கு ஒரு விஷயம். இடம், எத்தனை நாளாக, யாருக்குப் பாதிப்பு, என்ன வேண்டும் என்று நான்கே வரிகளில் எழுதுங்கள். நகல் ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.

* தீர்மானத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்.

* தலைவர்களின் பதவிக்காலம் முடிந்துவிட்டால் கூட்டமும் முடிந்தது என்று நினைக்காதீர்கள். 2025 ஜனவரியில் நம் பக்கத்து ஊராட்சிகளில் பதவிக்காலம் முடிந்தபோது, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள்.

* குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தாமதமின்றி டாக்டரிடம் காட்டுங்கள். ஆஸ்பிரின், ஐப்யூபுரூஃபன் மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள். காய்ச்சல் இறங்கும் சமயத்தில் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மிகுந்த சோர்வு தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். டெங்கில் அபாயமான நேரம் அதுதான்.

என் சின்னவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நான் இன்றும் விடியற்காலையில் கோலம் போடுகிறேன். போட்டு முடித்து நிமிர்ந்ததும், தெருக்கோடி வரை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.