ஏரிக்கரை வீட்டில் படம் ஏன் வெளிறுகிறது?

புரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது. அது ஒளியை மட்டுமே வீசும். திரை எவ்வளவு இருட்டோ, படத்தின் கறுப்பும் அவ்வளவுதான். பழவேற்காட்டில் ஏரித் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெயில் ஜன்னல் வழியே கூரைவரை ஏறும். எனவே முதல் செலவு கனத்த திரைச்சீலைக்கு.

மூலைக்கு மூலை 100 அங்குலத் திரை ஏறக்குறைய 2.75 சதுர மீட்டர். புரொஜெக்டரின் 500 ஆன்சி லூமென் ஒளி அதில் பரவினால் சதுர மீட்டருக்கு 180 லூமென்தான். 80 அங்குலத்தில் 280ஐத் தாண்டும். சிறிய திரையே நல்லது. மேட் வெள்ளைத் துணி போதும்.

இந்த உப்புநீர் ஏரிக்கரையில் பெரிய எதிரி உப்பு. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலுள்ள உப்புத்துகள் ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிடும். விசிறி அதை உள்ளே இழுத்தால் லென்ஸில் படியும், சர்க்யூட்டை அரிக்கும். ஒளிப்பகுதி முழுக்க மூடிய எல்இடி புரொஜெக்டராக வாங்குங்கள். சூடு ஆறியதும் மூடி வையுங்கள்.