மலச்சிக்கலும் மலையக வாழ்வும்

வைத்தியரிடம் சென்றாலும் "வயிறு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்புபவர்களே நம்மில் அதிகம். மலச்சிக்கல் என்ற சொல்லை உச்சரிக்கவே நாம் கூச்சப்படுகிறோம். ஆனால் தலவாக்கலை போன்ற மலையகப் பகுதிகளில் உணவு, குளிர், வேலை ஒழுங்கு ஆகிய மூன்றும் இந்நோய்க்குத் துணைநிற்பதால், இதனைத் தனியொருவரின் வயிற்றுக் கோளாறாக மட்டும் கருதிவிட முடியாது.

நாளொன்றுக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை மலம் கழிவது இயல்பானதே. அதனிலும் குறைந்து, மலம் இறுகி, முக்கிக் கழிக்க வேண்டிய நிலை ஏற்படும்போதே அது மலச்சிக்கலாகிறது. பெருங்குடல் கழிவிலுள்ள நீரை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். எனவே கழிவு தங்கும் நேரம் கூடக் கூட அது இறுகுகிறது.

காலையில் எழுந்து எதையேனும் உண்டு பருகியதும் பெருங்குடல் வலுவாக அசையும். தோட்டத்துப் பெண்ணுக்கோ அதுவே மூச்சுவிடவும் நேரமற்ற வேளை. சமையலை முடித்து, பெரிய பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பி, சின்னதைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பிரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். அதன்பின் கொழுந்து மலை. பல மலைகளில் மலசலகூடம் இல்லை. ஒதுங்க இடமில்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். குளிரில் தாகமும் தெரிவதில்லை. "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று அறிவுரை கூறுவோர், குடித்தபின் அவர் எங்கே செல்வார் என்பதையும் சிந்திக்க வேண்டும். தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் சம்பளப் பேச்சுவார்த்தையின்போது இதனையும் மேசையில் வைப்பது அவசியம்.

உந்துதலை அடக்க அடக்க மலக்குடல் அவ்வுணர்வையே இழக்கத் தொடங்குகிறது. இறுகிய மலம் ஆசனவாயைக் கீறிவிடும், அந்த வலிக்குப் பயந்து மீண்டும் அடக்குவர், மூலமும் சேர்ந்துகொள்ளும். அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களுள் மலத்தையும் சித்த வைத்தியம் சேர்த்துள்ளது. மலசல உந்துதலை அடக்கிக்கொண்டு தொழ வேண்டாம் என்று நபிமொழியும் கூறுகின்றது.

அடுத்தது உணவு. வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து உண்ண வேண்டும் என உலக சுகாதார அமைப்பு 2023இல் பரிந்துரைத்தது. தவிடு நீக்கிய வெள்ளைக் கோதுமை மாவின் 100 கிராமில் இருப்பதோ சுமார் 3 கிராம் மட்டுமே. காலையில் ரொட்டியும் சம்பலும், பகலிலும் ரொட்டி என்றால் குடல் எதைக் கொண்டு அசையும்? கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி எல்லாம் நுவரெலியா மாவட்டத்தில் விளைந்து கொழும்புக்கு லொறியேறுகின்றன. விளையும் மண்ணிலேயே அவை ஏழையின் தட்டுக்கு எட்டாதிருப்பது வேதனைக்குரியது. எனினும் ரொட்டி மாவில் ஒரு பங்கு ஆட்டா மா அல்லது குரக்கன் மா கலப்பதும், அவித்த கடலை, பயறு, வல்லாரை, பொன்னாங்காணி ஆகியவற்றைச் சேர்ப்பதும் இயலக்கூடியவையே. நார்ச்சத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். நீரும் கூட வேண்டும். இல்லையேல் வயிறு ஊதும்.

நோன்பு காலத்தில் முஸ்லிம் சகோதரர்களுக்கும் இத்தொல்லை கூடுவதுண்டு. இப்தாரில் பொரித்த பண்டங்கள் மிகுந்து, ஸஹரைத் தவறவிடுவதே பெரும்பாலும் காரணம். பேரீச்சம்பழம், கஞ்சி, பழங்கள் ஆகியவற்றுடன் தொடங்கி, இரவு முழுவதும் இடையிடையே நீர் பருகினால் பெரிதும் தணியும்.

கர்ப்பிணிகளுக்கு வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தை இறுகச் செய்யும். அதற்காக அதனை நிறுத்திவிடக் கூடாது. குடும்ப நல உத்தியோகத்தரிடம் கூறினால் வழி சொல்வார். இசப்புக்கோல் உமியை ஒரு பெரிய குவளை நீருடன் உட்கொள்ளலாம். நிலாவரை போன்ற பேதி மருந்துகளை வைத்தியரின் ஆலோசனையின்றி நாள்கணக்கில் தொடர்வது நல்லதல்ல. பிள்ளைகளுக்கு வீட்டில் பேதி கொடுக்கும் பழக்கத்தையும் கைவிட வேண்டும்.

மலத்துடன் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், ஐம்பது வயதுக்குப் பின் திடீரென மாறும் மலப்பழக்கம் ஆகியவை தோன்றினால் மூலம் என்று தாமாகவே முடிவுசெய்யாது வைத்தியரிடம் காட்ட வேண்டும். வயிறு வீங்கி, வாந்தியுடன் காற்றும் பிரியாவிடில் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.