சித்தி வீட்டுக் குடை

குடை என்றதும் மழைதானே நம் நினைவுக்கு வரும்? அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் சித்தி, "நாங்கள் குடைக் காப்பீடு எடுத்திருக்கிறோம்" என்றார். "குடை தொலைந்தால் பணம் தருவார்களா, சித்தி?" என்று கேட்டேன். வீடே சிரித்தது.

சித்தியின் மகள் என்னைவிட ஒரு வயதே மூத்தவள். பதினாறு வயதில் அவளுக்கு அங்கே கார் ஓட்டும் உரிமம் கிடைத்துவிட்டது. அன்றுதான் சித்திக்குப் பயம் பிடித்ததாம்.

அக்கா ஓட்டும் கார் ஒருவர்மேல் மோதிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நீதிமன்றம் 8 இலட்சம் டாலர் நஷ்டஈடு விதிக்கிறது. கார் காப்பீடு ஒருவருக்கு 2½ இலட்சம் வரைதான் கொடுக்கும். மீதி 5½ இலட்சம்? சேமிப்பு கரையும், பல மாநிலங்களில் மாதச் சம்பளத்திலும் பிடித்துக்கொள்வார்கள். அக்காவின் கல்லூரிப் படிப்பு என்னாவது? அந்த மீதியைக் கொடுப்பதுதான் குடைக் காப்பீடு. கார், வீடு ஆகிய இரண்டு காப்பீடுகளுக்கும் மேலே விரிந்து நிற்பதால் அந்தப் பெயர். பெரும்பாலும் 10 இலட்சம் டாலரிலிருந்து தொடங்குகிறது. கீழே உள்ள காப்பீடுகள் போதிய அளவு இல்லாவிட்டால் இதைத் தரமாட்டார்கள்.

நமக்கே அடிபட்டாலோ நம் பொருள் சேதமானாலோ இது உதவாது. வேண்டுமென்றே செய்த தீங்குக்கும் கிடையாது. எனக்கு அது நியாயமாகவே பட்டது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பாட்டி, "பிள்ளையைப் பஸ்ஸில் அனுப்பினால் இந்தக் குடையே வேண்டாமே!" என்றார்.

"எங்கள் ஊரில் பஸ் இல்லையே, அம்மா" என்றார் சித்தி.