உங்களுக்குத் தெரியுமா? கண் சிகிச்சைக்கும் மதிப்பெண் உண்டு

கண் மருத்துவம் வழிகாட்டு நெறிகளின்படி, அதாவது ஆய்வுச் சான்றுகளைச் சீர்தூக்கி வல்லுநர் குழுக்கள் வகுத்த பரிந்துரைகளின்படி நடைபெறுகிறதா என்பதை அளப்பதற்கு, அந்நெறிகள் முதலில் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என விடையளிக்கத்தக்க சிறு கூற்றுகளாகப் பிரிக்கப்படுகின்றன. இவை தரக் குறியீடுகள் எனப்படும். கண்நீர் அழுத்த நோயாளியின் பார்வை நரம்பு முனை பரிசோதிக்கப்பட்டதா என்பது அத்தகைய ஒரு கூற்று. அக்கூற்று யாருக்கெல்லாம் பொருந்துமோ அவர்களின் எண்ணிக்கையைப் பகுதியாகவும், அவர்களுள் உரிய கவனிப்பைப் பெற்றோரின் எண்ணிக்கையைத் தொகுதியாகவும் கொண்டால் கிடைக்கும் விழுக்காடே நெறிகளுக்கு இணங்கி நடந்ததன் அளவாகும்.

அமெரிக்காவின் 12 பெருநகரப் பகுதிகளில் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த எலிசபெத் மக்ளினும் அவர்தம் குழுவினரும் 30 நோய்நிலைகளை 439 குறியீடுகளால் அளந்து 2003-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், பரிந்துரைக்கப்பட்ட கவனிப்பில் சராசரியாக 54.9 விழுக்காடே மக்களுக்குக் கிட்டியது தெரியவந்தது. அவற்றுள் முதலிடம் பெற்றது ஒரு கண்நோய்தான்: முதுமையில் விழிவில்லை மங்கும் கண்புரை, 78.7 விழுக்காடு. மது அடிமை நிலைக்குக் கிடைத்ததோ 10.5 மட்டுமே.

இத்தகைய அளவீடுகள் பெரும்பாலும் மருத்துவப் பதிவேடுகளையே நம்பியிருப்பதால், மருத்துவர் கண்ணைப் பரிசோதித்தும் எழுத மறந்திருந்தால், அப்பரிசோதனை செய்யப்படாததாகவே கணக்கில் சேரும்.