கணினியில் களையெடுப்போம்



லாலாங் புல்லைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் சொல்ல வேண்டியதில்லை. அரிவாளால் மேலே சீவிவிட்டால் நிலம் துப்புரவாகத்தான் தெரியும். இரண்டு மழை பெய்யட்டும். மண்ணுக்கடியில் ஓடிக் கிடக்கும் தண்டு மறுபடியும் தலைநீட்டும். உங்கள் வீட்டுக் கணினியிலும் இத்தகைய களைகள் உண்டு என்றால் நம்புவீர்களா?

2020, 2021-ஆம் ஆண்டுகளில் நோய்த்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, பிள்ளைகளின் படிப்புக்காகக் கடன்பட்டாவது பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கிய குடும்பங்கள் பல. அதில் வகுப்புக்கு ஒரு மென்பொருள், பாட்டுக்கு ஒன்று, விளையாட்டுக்குப் பத்து என்று ஏற்றினோம். இன்று, "கணினி நத்தையாய் ஊர்கிறது, சார். புதிது வாங்க வேண்டுமோ?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். சற்றுப் பொறுங்கள்! ஆயிரம் வெள்ளியை எடுத்து வைப்பதற்கு முன் களையெடுத்துப் பாருங்கள்.

"நமக்கெங்கே இதெல்லாம் புரியப் போகிறது?" என்று ஒதுங்க வேண்டாம். நம் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரத்தில் 1972-இல் இன்டெல் நிறுவனம் தொழிற்சாலை அமைத்தது. அமெரிக்காவுக்கு வெளியே அந்நிறுவனம் கண்ட முதல் தொழிற்சாலை அதுவே. அங்குள்ள தொழிற்சாலைகளில் ஷிப்டு முறையில் வேலை செய்த பெண்களில் நம் இனத்துப் பிள்ளைகளும் உண்டு. கணினியின் உறுப்புகளையே தொட்டுச் செய்த கைகள், அதன் உள்ளே இருக்கும் குப்பையைக் கூட்ட அஞ்சலாமா?

களை எங்கே மறைந்திருக்கிறது?

முகப்புத் திரையில் உள்ள சின்னத்தை அழித்துவிட்டால் மென்பொருள் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது வீட்டு வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையைக் கழற்றுவது போலத்தான். ஆள் உள்ளேதான் இருக்கிறார்!

ஒரு மென்பொருளை ஏற்றும்போது அது ஓர் இடத்தில் மட்டும் குடியேறுவதில்லை. பெரும்பகுதி 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்னும் உறையில் தங்கும். நம் விருப்பங்கள், தற்காலிகக் கோப்புகள் முதலியவை 'ஆப்டேட்டா' என்னும் மறைவான உறையில் தங்கும். விண்டோஸின் பெரிய பேரேடான 'ரெஜிஸ்ட்ரி'யிலும் தன் பெயரைப் பதிந்துகொள்ளும். கணினியைத் திறந்தவுடன் தானே எழுந்து ஓடும்படி சில மென்பொருள்கள் ஏற்பாடும் செய்துகொள்ளும்.

1995-இல் வந்த விண்டோஸ் 95, மென்பொருளை முறைப்படி சேர்க்கவும் நீக்கவும் தனிப் பகுதி ஒன்றைத் தந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நீக்கும் வேலையைச் செய்வது பெரும்பாலும் அந்த மென்பொருளைச் செய்தவர்களே எழுதி வைத்த நிரல்தான். நாளை நாம் திரும்பி வருவோம் என்று எண்ணி நம் விருப்பக் குறிப்புகளை அவர்கள் விட்டு வைக்கலாம். வேறு மென்பொருளுக்கும் தேவைப்படுமோ என்று பொதுக் கோப்புகளை விட்டு வைக்கலாம். அக்கறையில்லாமலும் விட்டுச் செல்லலாம்.

இந்த மிச்சம் மீதி எல்லாமே கணினியை மெதுவாக்கும் என்று சொல்ல மாட்டேன். பேரேட்டில் கிடக்கும் நான்கு பழைய வரிகளால் பெரிய பாதகமில்லை. வேகத்தைக் குறைப்பவை முக்கியமாக இரண்டு: தானே எழுந்து ஓடும் மென்பொருள்கள், இடமில்லாமல் நிரம்பிவிட்ட வட்டு. நம் கை முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

செய்யும் முறை

முதலாவது, பிள்ளைகளின் பாடங்களையும் குடும்பப் படங்களையும் ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வையுங்கள்.

இரண்டாவது, விண்டோஸ் தேடுமிடத்தில் 'ரிஸ்டோர் பாயிண்ட்' என்று தட்டி, மீட்புப் புள்ளி ஒன்றை உண்டாக்குங்கள். தவறு நேர்ந்தால் விண்டோஸின் அமைப்பைப் பழைய நிலைக்குத் திருப்ப இது உதவும்.

மூன்றாவது, 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்', 'ஸ்டார்ட்அப்' என்று சென்று, தானே எழுந்து ஓடுபவற்றில் வேண்டாதவற்றை நிறுத்துங்கள். வைரஸ் தடுப்பானை மட்டும் தொடாதீர்கள். பலருக்கு இந்த ஒன்றிலேயே கணினி மூச்சு விட்டுக்கொள்ளும்.

நான்காவது, அதே 'ஆப்ஸ்' பகுதியில், விண்டோஸ் 11 ஆனால் 'இன்ஸ்டால்ட் ஆப்ஸ்' பட்டியலைத் திறந்து, வேண்டாத மென்பொருளை 'அன்இன்ஸ்டால்' செய்யுங்கள். ஒரு சமயத்தில் ஒன்று மட்டும். முடிந்ததும் கணினியை ஒருமுறை மூடித் திறவுங்கள். பெயர் தெரியாததை நீக்காதீர்கள். முதலில் அது என்னவென்று விசாரியுங்கள்.

வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் மட்டும் எளிதில் விடைபெறுவதில்லை. நார்ட்டன், மெக்காஃபி போன்றவற்றுக்கு அந்தந்த நிறுவனமே தனி நீக்கும் கருவியை இலவசமாகத் தருகிறது. அதையே பயன்படுத்துங்கள்.

வேரையும் தோண்டும் கருவிகள்

முழுமையாக நீக்குவதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. பல்கேரியா நாட்டில் உருவான 'ரெவோ அன்இன்ஸ்டாலர்' அவற்றுள் பெயர் பெற்றது. அது முதலில் மீட்புப் புள்ளி வைக்கும். பிறகு மென்பொருளின் சொந்த நீக்கியை ஓடவிடும். அதன்பின் உறைகளிலும் பேரேட்டிலும் எஞ்சியதைத் தேடி நம் முன் பட்டியலிடும். அழிப்பதா வேண்டாமா என்ற முடிவு நம்முடையது. புதியவர்கள் 'சேஃப்' என்னும் பாதுகாப்பான தேடலோடு நின்றுகொள்வது நல்லது. இலவசப் பதிப்பே வீட்டுக்குப் போதும். ஆனால் மென்பொருள் கணினியில் இருக்கும்போதே இக்கருவியின் வழியாக நீக்க வேண்டும். முன்பே பாதி நீக்கப்பட்டதன் மிச்சத்தைத் தேட, காசு கொடுத்து வாங்கும் பதிப்பு தேவைப்படும். 'பல்க் கிராப் அன்இன்ஸ்டாலர்' என்னும் மற்றொன்று முற்றிலும் இலவசம்.

துடைப்பமே குப்பையானால்?

"உங்கள் கணினியில் 1,200 கோளாறுகள்! உடனே பணம் கட்டுங்கள்!" என்று திரையில் மிரட்டும் விளம்பரங்களை நம்பாதீர்கள். பேரேட்டைச் சுத்தம் செய்யும் மென்பொருள்களைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாப்ட் நிறுவனமே அறிவித்திருக்கிறது.

நல்ல பெயர் எடுத்த துடைப்பமும் சில நேரம் கெட்டுப்போகும். 2017-இல் 'சிகிளீனர்' என்னும் சுத்தம் செய்யும் மென்பொருளின் ஒரு பதிப்பில் திருடர்கள் நச்சு நிரலை நுழைத்துவிட்டார்கள். ஏறக்குறைய 22 லட்சத்து 70 ஆயிரம் பேரின் கணினிகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. 2005-இல் சோனி பிஎம்ஜி நிறுவனம் தன் பாட்டு வட்டுகளில் மறைவான நிரல் ஒன்றை வைத்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அதை நீக்க ஒரு கருவி தந்தது. அந்தக் கருவியே கணினியில் புதிய ஓட்டையைத் திறந்துவிட்டது! ஆகவே எதை ஏற்றினாலும் அதைச் செய்தவரின் சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள்.

அவசரப்பட்டு நீக்கக் கூடாதது

பழைய தமிழ் எழுத்துரு மென்பொருள்களை எண்ணிப் பார்த்து நீக்குங்கள். நம் நாட்டில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்றவை வந்த தொடக்கக் காலத்தில், தமிழுக்கு ஒரே பொதுக் குறியீடு பழக்கத்தில் இல்லை. அக்காலத்து எழுத்துருவில் தட்டிய கோவில் கணக்கோ, சங்கத்துக் கூட்டக் குறிப்போ, தாத்தா எழுதிய கடிதமோ உங்கள் கணினியில் இருக்கலாம். எழுத்துருவை நீக்கினால் அவை புரியாத ரோமன் எழுத்துக் குவியலாகத் தெரியும். முதலில் அவற்றை யூனிகோடுக்கு மாற்றுங்கள்; அல்லது அச்செடுத்து வையுங்கள்.

நீக்கினாலும் நீங்காதவை

மென்பொருளை நீக்கினால் சந்தா நிற்காது. வங்கி அட்டையில் மாதந்தோறும் பணம் பிடிக்கப்படுகிறது என்றால், உங்கள் கணக்கில் நுழைந்து சந்தாவை ரத்து செய்ய வேண்டும்.

"உங்கள் கணினியில் வைரஸ்" என்று யாரோ தொலைபேசியில் சொல்லி, 'எனிடெஸ்க்' போன்ற தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளை ஏற்றச் செய்தார்களா? அதுவும் நல்ல மென்பொருள்தான். திருடன் கையில் அது சாவி. அதை நீக்கிவிட்டால் மட்டும் போதாது. முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் உங்கள் வங்கியையோ, 997 எண்ணில் தேசிய மோசடி உதவி மையத்தையோ அழையுங்கள். வேறு கருவியிலிருந்து மறைச்சொற்களை மாற்றுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் நட்டம்தான் பெருகும்.

கணினியை விற்கப் போகிறீர்களா? மென்பொருளை நீக்கிவிட்டுக் கொடுக்காதீர்கள். அடையாள அட்டை நகலும் பிள்ளைகளின் படங்களும் உள்ளேயே இருக்கும். 'ரீசெட் திஸ் பிசி' பகுதியில் 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதைத் தேர்ந்து, அதிலேயே வட்டைத் துடைக்கும் வசதியையும் சேர்த்துக் கொடுங்கள். பழைய கணினியை வாங்கி வந்தாலும் முதல் வேலை இதுவாகவே இருக்கட்டும். முன்னவர் விட்டுச்சென்றது என்னவென்று நமக்குத் தெரியாதல்லவா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பட்டியலைத் திறங்கள். "இது யார் ஏற்றியது? எதற்கு? இன்னும் தேவையா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். விசைகளைத் தட்டுவதில் அவர்கள் கெட்டிக்காரர்களாக இருக்கலாம். ஆனால் வேண்டியது எது, வேண்டாதது எது என்று பிரித்துப் பார்க்கும் பக்குவத்தை நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.