ஃபெராரி: பகையில் வளர்ந்த சிவப்பு கார்... கோவை நரேன் கார்த்திகேயனால் பட்டம் வெல்ல இருந்ததா?

சேலத்தில் இருந்து கோவை போகும் ஹைவேயில் நாமக்கல், சங்ககிரி லாரிகள் எத்தனை ஓடினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் சிவப்பு ஃபெராரி ஒன்று கண்ணில் பட்டால் போதும், செல்போன் கேமரா தானாக மேலே எழும்பிவிடும்.

அதே சாலை போய்ச் சேரும் கோவையைச் சேர்ந்த ஒரு டிரைவர், ஃபெராரியின் கதையில் இரண்டு முறை குறுக்கே வந்திருக்கிறார். அவர் நரேன் கார்த்திகேயன். ஒரு முறை ஃபெராரி முதலிடம் பிடித்த ரேஸில் அவர் 4-வது இடம் பிடித்தார். இன்னொரு முறை, அவரால் ஃபெராரி டிரைவருக்கு உலக சாம்பியன் பட்டமே கிடைத்துவிடும் போல இருந்தது. என்ன நடந்தது? ஆரம்பத்தில் இருந்து பார்க்கலாம்.

ஃபெராரி தொடங்கியது எப்படி?

என்சோ ஃபெராரி 1898-ல் இத்தாலியின் மோடெனா நகரில் பிறந்தவர். ஆல்ஃபா ரோமியோ கம்பெனிக்காக ரேஸ் கார் ஓட்டினார். 1929-ல் சொந்தமாக ரேஸ் அணி தொடங்கி, ஆல்ஃபா கார்களையே அதில் இறக்கினார்.

1939-ல் ஆல்ஃபாவோடு உறவு முறிந்தது. நான்கு வருடங்களுக்கு சொந்தப் பெயரில் ரேஸ் கார் இறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வெளியே வந்தார். 1943-ல் பக்கத்து ஊரான மாரனெல்லோவுக்கு பட்டறையை மாற்றினார். ஃபெராரி பெயர் தாங்கிய முதல் கார் 1947-ல் வந்தது. 1.5 லிட்டர், 12 சிலிண்டர் இன்ஜின். அதே வருடம் ரோமில் முதல் வெற்றி.

முதல் பகை: பழைய முதலாளி

1950-ல் ஃபார்முலா 1 உலக சாம்பியன்ஷிப் தொடங்கியபோது யாராலும் தொட முடியாத அணி ஆல்ஃபா ரோமியோ. 1951 ஜூலையில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் கோன்சாலஸ் ஓட்டிய ஃபெராரி, ஆல்ஃபாவை முந்தி ஜெயித்தது. தன்னை வளர்த்த கம்பெனியையே என்சோ வீழ்த்திவிட்டார். அன்று முதல் இன்று வரை எல்லா ஃபார்முலா 1 சீசனிலும் கலந்துகொண்ட ஒரே அணி ஃபெராரிதான்.

டிராக்டர்காரர் போட்ட சவால்

ஃபெருச்சியோ லம்போர்கினி டிராக்டர் தயாரித்து பணக்காரர் ஆனவர். அவரிடமும் ஒரு ஃபெராரி இருந்தது. கிளட்ச் அடிக்கடி மக்கர் செய்ததால் என்சோவிடம் நேரில் புகார் சொன்னாராம். "டிராக்டர் ஓட்டுறவருக்கு ஃபெராரி எப்படித் தெரியும்" என்கிற தொனியில் பதில் வந்ததாக லம்போர்கினி பிற்காலத்தில் சொன்னார். பேச்சு அப்படியே நடந்ததோ இல்லையோ, 1963-ல் லம்போர்கினி கார் கம்பெனி பிறந்தது மட்டும் நிஜம்.

ஃபோர்டு போட்ட கணக்கு

அதே 1963-ல் அமெரிக்காவின் ஃபோர்டு, ஃபெராரியை விலைக்கு வாங்கப் பேச்சு நடத்தியது. ரேஸ் அணியின் கட்டுப்பாட்டை விட்டுக்கொடுக்க மனசு வராமல் கடைசி நேரத்தில் என்சோ பின்வாங்கினார். கோபமான ஃபோர்டு, ஃபெராரியை அதன் கோட்டையிலேயே அடிக்க முடிவெடுத்தது.

அந்தக் கோட்டை, பிரான்ஸில் நடக்கும் லே மான்ஸ் 24 மணி நேர ரேஸ். 1960 முதல் 1965 வரை தொடர்ந்து ஆறு முறை ஜெயித்தது ஃபெராரி. 1966-ல் முதல் மூன்று இடங்களையும் ஃபோர்டு அள்ளியது. அதன்பிறகு லே மான்ஸில் மீண்டும் முதலிடம் பிடிக்க ஃபெராரி 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதில் நரேன் எங்கே வருகிறார்?

2005-ல் ஜோர்டன் அணியில் சேர்ந்து, ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார் நரேன். அந்த ஜூன் மாதம் அமெரிக்காவின் இண்டியானபோலிஸில் நடந்த ரேஸில், மிஷெலின் டயர்கள் பாதுகாப்பானவை இல்லை என்று தெரியவந்தது. அந்த டயர் போட்ட 14 கார்களும் ரேஸ் தொடங்கும் முன்பே ஒதுங்கிவிட்டன.

மிச்சம் ஆறே கார்கள். ஃபெராரியின் ஷூமாக்கர் முதலிடம், பாரிகெல்லோ இரண்டாம் இடம். ஜோர்டனின் மான்டெய்ரோ மூன்றாவது, நரேன் நான்காவது. கிடைத்தது 5 புள்ளிகள். ஃபார்முலா 1-ல் இந்திய டிரைவர் ஒருவர் எடுத்த புள்ளிகள் இன்று வரை இவை மட்டும்தான்.

மலேசியாவில் நடந்த உரசல்

இரண்டாவது சம்பவம் 2012 மார்ச் 25, மலேசியாவின் செபாங்கில். நரேன் அப்போது எச்ஆர்டி என்ற கடைசி வரிசை அணியில் இருந்தார். நான்காம் இடத்தில் வந்த ரெட் புல் டிரைவர் வெட்டல், பின்தங்கியிருந்த நரேனைக் கடக்கும்போது இரண்டு கார்களும் உரசின. வெட்டலின் டயர் கிழிந்தது. 11-வதாக முடித்த அவருக்கு ஒரு புள்ளிகூட இல்லை. கையில் இருந்த 12 புள்ளிகள் போச்சு. அந்த ரேஸில் ஜெயித்தது யார் தெரியுமா? ஃபெராரியின் அலோன்சோ!

கடுப்பான வெட்டல், நரேனை வெள்ளரிக்காயோடு ஒப்பிட்டுத் திட்டினார். தன் மீது தப்பில்லை என்றார் நரேன். ஆனால் நடுவர்கள் அவருக்கு 20 விநாடி அபராதம் போட்டார்கள்.

அந்த உரசலின் கனம் நவம்பரில்தான் தெரிந்தது. கடைசி ரேஸ் பிரேசிலில். முதல் சுற்றிலேயே வெட்டலின் கார் இடிபட்டு சுழன்றது. அப்படியும் தட்டுத்தடுமாறி ஆறாவது இடம் பிடித்தார். இறுதிக் கணக்கு: வெட்டல் 281, அலோன்சோ 278. வெறும் 3 புள்ளி வித்தியாசம். வெட்டல் அன்று இன்னும் இரண்டு இடம் பின்தங்கியிருந்தால் பட்டம் ஃபெராரிக்குப் போயிருக்கும். செபாங் உரசல்தான் காரணம் என்று உலகமே ஒரு கோவைக்காரரின் பெயரைச் சொல்லியிருக்கும்.

இப்போது நிலைமை என்ன?

ஃபெராரி டிரைவர் ஒருவர் கடைசியாக உலக சாம்பியன் ஆனது 2007-ல், கிமி ராய்க்கோனன். 2025-ல் ஏழு முறை சாம்பியனான ஹாமில்டனை அழைத்து வந்தும் அந்த சீசனில் பட்டம் கைக்கு வரவில்லை.

இந்தப் பக்கம், நரேனுக்குப் பிறகு ஃபார்முலா 1-ல் ஓட்டிய இந்தியர் சென்னையின் கருண் சந்தோக் மட்டுமே. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சேலம், நாமக்கல் பக்கம் இருக்கும் ரேஸ் ஆசைக்காரர்களுக்கு அதே ஹைவேயில் போனால் வரும் டிராக் அது. நரேன் எடுத்த அந்த 5 புள்ளிகளோடு இன்னொன்றைச் சேர்க்க ஒருவர் வர வேண்டும்.