அமெரிக்காவில் அபூர்வம், அப்புத்தளையில் அன்றாடம்

டெக்சாஸ் நெடுஞ்சாலையில் மெக்சிகோ இலக்கத்தகட்டோடு டொயோட்டா ஹைலக்ஸ் ஒன்று போனால் போதும், பின்னால் வருகிற வாகனப் பிரியர் வேகத்தைக் கூட்டிப் பக்கத்தில் வந்துவிடுவார். படம் எடுப்பார், நண்பர்களுக்கு அனுப்புவார். 1995இல் டொயோட்டாவின் இன்னொரு பிக்கப்பான டக்கோமா வந்த பிறகு அமெரிக்காவில் ஹைலக்ஸ் விற்கப்படுவதில்லை. எல்லை தாண்டி வரும் மெக்சிகோ வண்டிகளில்தான் அதைப் பார்க்கலாம். நிசான் என்பி300, வொக்ஸ்வாகன் சவெய்ரோ போன்ற பிக்கப்களும் அப்படித்தான். அதே ஹைலக்ஸ் பதுளையில் அரசாங்க அலுவலக வாசல்களில் வரிசையாக நிற்கிறது. இங்கே அது வெறும் ‘டபுள் கெப்’. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

உலகத்தின் பல நாடுகளில் ஓட்டுகிற வண்டி அமெரிக்கருக்கு அபூர்வமானதற்கு மூல காரணம் கோழி. 1962இல் ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரியை ஏற்றின. பதிலடியாக 1963 டிசம்பரில் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் பிரகடனம் ஒன்றை வெளியிட்டார். உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, சிறிய ரக லொறி ஆகியவற்றுக்கு 25 வீத வரி. அப்போது குறி வைக்கப்பட்டது மேற்கு ஜெர்மனியின் வொக்ஸ்வாகன். மற்றப் பொருள்களின் வரி காலப்போக்கில் நீங்கிவிட்டது. லொறிக்குப் போட்ட வரி மட்டும் அறுபது ஆண்டு தாண்டியும் நிற்கிறது. இதற்கு மேல் 1988இல் வந்த சட்டத்தினால், அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்கு ஒத்துவராத வெளிநாட்டு வண்டியை அது 25 வயதைத் தாண்டிய பிறகே தாராளமாக இறக்க முடியும். ஆகவே ஜப்பானில் கழித்துக்கட்டிய குட்டி லொறியை அமெரிக்கர் காத்திருந்து வாங்குகிறார். வாங்கிய பின்னும் சில மாநிலங்கள் அதைச் சாலையில் விடுவதில்லை.

இலங்கைக்கு அந்தக் காத்திருப்பு தேவைப்படவில்லை. இங்கே இடப்பக்கம் ஓட்டுகிறோம், ஸ்டியரிங் வலப்பக்கம். பிரிட்டன், ஜப்பான், இந்தியா மூன்றுமே அப்படித்தான். அதனால் பண்டாரவளையிலிருந்து அப்புத்தளைக்குப் போகும் சாலையில் ஒரு காலை நேரம் நின்றால் மூன்று நாடுகளின் எழுபது ஆண்டு வண்டி வரலாறு கண்முன்னே போகும். ஊவாவைப் பொறுத்தவரை அது தோட்ட வரலாறும்கூட.

முதலில் லேண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30ஆம் திகதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான வண்டி. போர் முடிந்த கையோடு பிரிட்டனில் இரும்புத் தகட்டுக்குக் கடும் தட்டுப்பாடு, அலுமினியம் கிடைத்தது. அதனால் உடம்பை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். வேறு வழியில்லாமல் செய்த அந்த ஏற்பாடு மலைநாட்டுக்கு வரமாகிவிட்டது. அப்புத்தளை, இதல்கஸ்ஹின்ன, ஒஹிய பக்கம் மாதக்கணக்கில் மூடுபனியும் தூறலும்தான்; சாதாரணத் தகடு அங்கே சில ஆண்டுகளில் துருப்பிடித்து உதிரும். லேண்ட் ரோவரின் உடம்பு அப்படியே நிற்கும். அடியிலிருக்கும் செசியோ இரும்பு. அது அரித்துக்கொண்டே போகும். பழைய ஜீப் வாங்க நினைப்பவர் முதலில் குனிந்து பார்க்க வேண்டியது அந்த செசியைத்தான். பெயின்ட் பளபளப்பில் ஏமாறக் கூடாது.

பக்கத்தில் நின்று பார்த்தால் இந்த வண்டியின் அழகு வேறு. முன்கண்ணாடிக்குக் கீழே கையால் திறக்கும் இரண்டு மூடிகள், அவைதான் காற்றோட்டம். கதவுக் கண்ணாடி கீழே இறங்காது, பக்கவாட்டில் நகரும். கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் மஞ்சள் குமிழ் ஒன்று, சிவப்புக் குமிழ் ஒன்று. மஞ்சளை அழுத்தினால் நான்கு சக்கரமும் இழுக்கும். சிவப்பைப் பின்னால் இழுத்தால் வண்டி ஆமை வேகத்துக்கு இறங்கி எந்த ஏற்றத்தையும் பிடித்துக்கொள்ளும். உதிரிச் சக்கரம் பொனட்டின் மேல் படுத்திருக்கும். பின்பெட்டியின் விளிம்பில் பெயின்ட் போய், ஏறி இறங்கிய கைகள் தேய்த்துத் தேய்த்து அலுமினியம் வெள்ளி போல மின்னும். இன்று ஓடுபவற்றில் சிலவற்றுக்கு உள்ளே ஜப்பானிய டீசல் எஞ்சின். ஊர் கராஜில் பாஸ் ஒருவர் செய்த மாற்று அறுவைச் சிகிச்சை அது. அசலைக் கெடுத்துவிட்டதாகச் சேகரிப்பாளர்கள் வருந்துவார்கள். ஓட வைத்ததே பெரிய காரியம் என்பதுதான் நியாயமான தீர்ப்பு.

வண்டியின் வயதை அறிய இலக்கத்தகட்டைப் பார்த்தால் போதும். இரண்டு ஆங்கில எழுத்தும் எண்ணும் இருந்தால் 1958க்கு முந்தியது. அதற்குப் பிறகு சிங்கள ‘ஸ்ரீ’. அதற்கும் பிறகு நடுவில் கோடு மட்டும் போட்ட எண்கள். 2000ஆம் ஆண்டு முதல் ஆங்கில எழுத்துகள் திரும்பி வந்தன, மாகாணக் குறியோடு, ஊவாவுக்கு ‘யூபி’. பழைய தகட்டுக்குச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. ஆனால் ஸ்ரீ எழுத்தைத் தமிழர் வெறும் வயதுக் குறியாகப் பார்த்துவிட முடியாது. 1958இல் அது கட்டாயமானபோது தமிழரசுக் கட்சி எதிர்ப்புப் போராட்டம் நடத்தியது. தகடுகளில் தார் பூசப்பட்டது. மலையகத்திலும் அந்தக் கொதிப்பு பரவியது. அதே ஆண்டு மே மாதம் நாடு கலவரத்தில் எரிந்தது. இன்று ஆசையோடு படமெடுக்கப்படும் தகடு அந்த நாட்களையும் தாங்கி நிற்கிறது.

லேண்ட் ரோவர் தோட்டத் துரையின் வண்டி. அது வரும் சத்தம் கேட்டால் மலையில் பேச்சு நின்ற காலம் ஒன்று இருந்தது. 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகம் மறுபடியும் தனியார் கம்பெனிகளுக்குப் போனது. தோட்டம் கைமாறக் கைமாற ஜீப்புகளும் கைமாறின. துரைமார் டபுள் கெப்புக்கு மாறினார்கள்.

ஜப்பான் வண்டிகள் பெருகியது 1977இல் இறக்குமதிக் கதவு திறந்த பிறகு. இசுசு எல்ஃப், மிட்சுபிஷி கென்டர், டொயோட்டா டவுன்ஏஸ், நிசான் வெனெட், மஸ்டா பொங்கோ என்று பட்டியல் நீளும். வெலிமடை உருளைக்கிழங்கும் கோவாவும் கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு வருவது பெரும்பாலும் இவற்றில்தான். ரீகண்டிஷன் லொறிகள் சிலவற்றின் கதவில் ஜப்பானிய எழுத்து அழியாமலே இருக்கும். எந்த ஊர்க் கடையின் பெயரோ, எந்த மீன் வியாபாரியின் தொலைபேசி எண்ணோ, ஊவா மலையில் மூட்டை சுமக்கிறது. சுசுகி கெரி, டைஹட்சு ஹைஜெட் போன்ற குட்டி லொறிகளும் இடையிடையே தென்படும். ஜப்பானிய விதிப்படி அவற்றின் உச்ச அளவுகள்: நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர், எஞ்சின் 660 சிசி, சுமை 350 கிலோ. அமெரிக்க ரசிகர்கள் மிகவும் ஏங்கும் வண்டிகளில் இதுவும் ஒன்று. டெக்சாஸ் 2024இல்தான் இதற்குச் சாலையில் வழிவிட்டது. லயத்துக்குப் போகும் ஒடுங்கிய வழியில், எதிரே ஆட்டோ வந்தால்கூடப் பின்னால் எடுக்க வேண்டிய இடத்தில், அந்த 1.48 மீற்றரின் அருமை புரியும்.

மூன்றாவது அலை இந்தியாவிலிருந்து. டாடா ஏஸ் 2005இல் அங்கே வெளிவந்தது: இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல். இலங்கையில் அதை ‘டிமோ பட்டா’ என்று விற்றார்கள். ஊர் வாயில் ‘பட்டா’. அதற்குத் துணையாக மஹிந்திராவின் பொலேரோ, மெக்சி டிரக். இந்தக் கட்டுரையில் வரும் வண்டிகளிலேயே முக்கியமானது எது என்று கேட்டால், பட்டாவைத்தான் சொல்ல வேண்டும். எந்தச் சேகரிப்பாளரும் அதைத் தேடி வரப்போவதில்லை. ஆனால் தோட்டத்து வீட்டுப் பிள்ளை லீசிங் எடுத்துத் தன் பெயரில் வாங்க முடிந்த முதல் லொறி அதுதான். மரக்கறி, விறகு, வீடு மாறும் சாமான், திருவிழாவுக்கு ஸ்பீக்கர் என்று ஹயர் ஓடிக் கடன் கட்டினார்கள். கொழும்பில் வேலை தேடாமல் பசறையிலும் லுணுகலையிலும் பிழைக்க அது ஒரு வழி காட்டியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது இருந்த வண்டிகளின் விலை ஏறியது. 2022 எரிபொருள் நெருக்கடியில் கியூஆர் பங்கீட்டு டீசலோடு ஹயர் ஓட்டியவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்தது.

வண்டியைப் பார்க்கும்போது முன்னால் யார், பின்னால் யார் என்றும் பார்க்க வேண்டும். கொழுந்து லொறி மடுவத்திலிருந்து பெக்டரிக்குக் கொழுந்து கொண்டுபோவதற்காக வாங்கியது. அதில்தான் தோட்டத்து மக்களும் போனார்கள். தூர மலைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் பின்பெட்டியில் நின்றபடி போனார்கள். நோயாளியை ஏற்றினார்கள். பிரசவ வலி கண்ட பெண்களையும் அதில்தான் பதுளைக்கும் தியத்தலாவைக்கும் கொண்டுபோனார்கள். வழியில் பிள்ளை பிறந்த கதை இல்லாத தோட்டம் அரிது. 2016இல் இந்திய மானியத்தோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய, 1990 என்ற எண்ணில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை பின்பு ஊவாவுக்கும் வந்தது. அழைத்தால் வருகிறது. ஆனால் பெரிய சாலையிலிருந்து லயம் வரைக்கும் உள்ள கல் ரோடு பல இடங்களில் பழைய மாதிரியே கிடக்கிறது. அந்தக் கடைசித் தூரத்துக்கு இன்றும் லொறியோ டிரக்டரோ பட்டாவோ வர வேண்டியிருக்கிறது.

சரக்குப் பெட்டியில் ஆளேற்றுவது ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். ஊவாச் சாலைகள் மன்னிக்காதவை; 2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்து பலர் மாண்டதை மாவட்டம் மறக்கவில்லை. பெண்களை வேலைக்கு ஏற்றிப்போக ஒழுங்கான பஸ் வேண்டும் என்பதே சரியான கோரிக்கை. அது வரும்வரை, ஆளேற்றும் ஒவ்வொரு தோட்ட லொறிக்கும் பின்னால் இரும்புப் படி, இரு பக்கமும் இடுப்புயரத்துக்கு மேல் பிடிகம்பி, உட்காரப் பலகை, மழைக்குத் தார்ப்பாய் போட்டுத் தரலாம். அறுபது வயது லேண்ட் ரோவருக்கு வேறு நாட்டு எஞ்சினைப் பொருத்தத் தெரிந்த பாஸ்மார் பண்டாரவளையிலும் பதுளையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது இரண்டு நாள் வேலை.